விருந்துக்கு அருவித் தண்ணீர்

திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரை முதலில் ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். நன்றாக இருந்தால் கிளம்பும்போது ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்துவிடுவோம். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பி வாயில் வைக்க விளங்காது. சாவு வீட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பார்கள். என் பெரியம்மா அந்தக் கணக்கில் தண்ணீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

அதனால் நானும் அக்காவும் அருவிக்குப் போய்வரப் போகிறோம் என்றதும், "எத்தன கொடம் கொண்டுபோறீங்க?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்து, இளைப்பு நோய் வந்து வீட்டோடு இருந்தார். குடும்பம் என் சம்பளத்தில் ஓடியது. அப்பா யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை என்றாலும், நான் ஒன்று சொன்னால் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எரியோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அவள் பிழைத்ததே பெரிய காரியம். "இன்னொரு பிரசவத்த இந்த உடம்பு தாங்காது. இவ உசுரோட இருக்கணும்னா பிள்ளைப் பேச்சையே எடுக்காதீங்க" என்று டாக்டரம்மா அம்மாவிடமும் என்னிடமும் தெளிவாகச் சொன்னார். நான்கு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வியாழக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். எதற்கு அழைக்கிறார்கள் என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. "ஒத்தப் பிள்ளையப் பெத்து வச்சுருக்கேன், எனக்குப் பேரப்பிள்ளை வேணும்ல" என்று மாமியார் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே சொன்னவள். அப்பா மூத்தவளை அனுப்பிவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். டாக்டரம்மா சொன்னதை அதற்குப் பிறகு வீட்டில் யாருமே எடுக்கவில்லை.

நானும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மாதம்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து என்னைப் பெண்பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மாப்பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூட வந்த அத்தைக்காரி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மூத்த பொண்ணு இங்கதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "பிரசவத்துக்கு வந்துச்சு, இந்தா வியாழக்கெழமை போயிரும்" என்றாள் அம்மா. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. இதை மறைத்து எழுதுவதானால் எழுதாமலே இருந்துவிடலாம்.

புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை. முதல்நாள் சாயங்காலம் அக்கா என்னிடம், "போறதுக்கு முந்தி அந்த அருவிய ஒருவாட்டி பாத்துட்டு வந்துருவோமா? நீயும் நானும் மட்டும்" என்றாள். அந்த 'மட்டும்' எனக்குப் புரிந்தது. என்ன கேட்கப்போகிறாள் என்பதும் புரிந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கோ கொண்டாட்டம். "நாளைக்கழிச்சு விருந்துக்கு ஆகும். சம்பந்தியம்மாளுக்கு நம்ம உப்புத் தண்ணியிலயா சமச்சுப் போடறது?" என்று பித்தளைக் குடத்தையும் ஒரு சின்னக் குடத்தையும் புளி போட்டு விளக்கி வைத்தாள். போகிறதுதான் போகிறீர்கள் என்று அடுத்த வீட்டுக்காரி தன் தூக்குவாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நத்தம் ரோட்டு பஸ்ஸில் போனோம். கண்டக்டர் குடங்களைப் பார்த்துவிட்டு, "வரும்போது கொடத்து வாயக் கட்டிட்டு ஏறுங்க, வண்டிய நனச்சுறாதீங்க" என்றார். மலையடிவாரத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அருவி. பெரிய ஏற்றம் கிடையாது. மாடு மேய்க்கிறவர்கள் போட்ட தடம், சின்னப் பிள்ளைகள்கூட நடந்துவிடும். மழை விட்டு நான்கு நாள் ஆகியும் சிறுமலை மேல் மேகம் கலையவில்லை. உசில மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாலைந்து குதிரைகள் இறங்கி வந்தன. அவை போகட்டும் என்று ஒதுங்கி நின்றபோது அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நல்ல நாளில் அவள் எனக்கு முன்னால் ஓடுகிறவள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி" என்றாள்.

"அங்க போயி உக்காந்து பேசுவோம்க்கா" என்றேன்.

அருவி என்றால் குற்றாலம் மாதிரி நினைக்க வேண்டாம். இரண்டு ஆள் உயரம் இருக்கும். பாறையிலிருந்து விழுந்து ஒரு குட்டையில் தேங்கி, அப்புறம் ஓடையாகப் போகிறது. எங்களைத் தவிர ஆள் இல்லை. வெயில் உள்ளே வராததால் அந்த இடமே சாயங்காலம் மாதிரி மங்கலாக இருந்தது. அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் காலை விட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் வந்து உக்காரு."

"மொதல்ல தண்ணியப் பிடிச்சுர்றேன்."

மழைத் தண்ணீர் என்பதால் இலையும் சருகும் வந்தன. குடத்து வாயில் வேட்டித் துணியைக் கட்டி, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். துணி வழியாக மெதுவாகத்தான் இறங்கும். பெரிய குடம் நிறைந்தது. சின்னக் குடம் நிறைந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும்டி, வா" என்றாள். "இது கலங்கலா இருக்குக்கா" என்று சொல்லி, நிறைந்த பெரிய குடத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கலங்கல் ஒன்றும் இல்லை. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர்தான்.

தூக்குவாளியையும் நிரப்பி முடித்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை நான்தான் சொன்னேன். அக்கா காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பெரிய குடத்தைத் தலையில் வைத்து, சின்னதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் தூக்குவாளியோடு பின்னால் வந்தாள். ஒற்றையடித் தடத்தில் வேறு மாதிரி நடக்கவும் முடியாது. பாதித் தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து பேசினாள். முகத்தைப் பார்க்காமல் கேட்பது அவளுக்கும் லேசாக இருந்ததோ என்னவோ.

"ஏண்டி, நான் அங்க போகாம உங்ககூடவே இருந்துட்டா உனக்குப் பாரமா இருக்குமா?"

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"இட்லி அவிச்சு வித்தாச்சும் என் சோத்த நான் பாத்துக்கிருவேன். நீ சொன்னா அப்பா கேப்பாரு. எனக்குப் பயமா இருக்குடி."

தலையில் நிறைகுடம் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. இது உண்மைதான். ஆனால் தடத்துக்கு வலப்பக்கம் இடுப்பளவு உயரத்தில் ஒரு பாறை இருந்தது. சுமை இறக்கி வைப்பதற்கென்றே போட்டதுபோல மேலே தட்டையாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

"தண்ணி அலம்புதுக்கா. வீட்டுல போயி பேசுவோம்."

"சரி" என்றாள்.

வீட்டில் பேசவில்லை. தூக்குவாளியைக் கொடுக்கிற சாக்கில் அடுத்த வீட்டுக்குப் போய், அக்கா பாயை விரித்துப் படுக்கும்வரை அங்கேயே ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒருமுறைக்கு மேல் எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

மறுநாள் விருந்து நன்றாகவே நடந்தது. பருப்பு மசிந்து வெந்திருந்தது. அக்காதான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள். மாமியார் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கி, "இம்புட்டு ருசியா இருக்கே, எங்குட்டுத் தண்ணி?" என்றாள். "பொண்ணுக ரெண்டும் அருவிக்குப் போயி எடுத்தாந்துச்சுக" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். வெயில் தாழக் கிளம்பினார்கள். எல்லோரிடமும் சொன்னதுபோலவே அக்கா என்னிடமும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா வந்திருந்தாள், அப்போதே முழுகாமல் இருந்தாள். ஆவணியில் செய்தி வந்தது. தாயும் பிள்ளையும் தங்கவில்லை.

நான் ஒட்டன்சத்திரத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பொட்டு பெரிதாக வைத்திருந்தார்கள், அவள் அப்படி வைக்கமாட்டாள். எல்லாம் முடிந்த பிறகு அம்மா மாட்டுக் கொட்டத்து ஓரமாக உட்கார்ந்து, என்னைக் கைப்பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அருவிக்குப் போனீங்களே, அன்னிக்கு உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாடி? போக மாட்டேன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்கப்பா கால்ல விழுந்தாச்சும் நான் நிறுத்தியிருப்பேனே."

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.