வினிகரைப் பச்சை என்று சொன்ன மாணவன்

சென்ற ஆண்டு, மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் நடந்தது இது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் பாதி சீசாக்கள் காலி. அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தமிழில் விளக்கும் காணொளிகள், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் மெய்நிகர் ஆய்வகங்கள் என்று எது கிடைத்தாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவேன். மற்ற ஆசிரியர்கள் என்னிடம் லிங்க் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் ஒருநாள் என் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். கடைசி பெஞ்சுகளில் அவர்கள் உட்கார்ந்திருக்க, நான் ஸ்மார்ட் போர்டில் அமிலம், காரம் பாடத்தைத் திறந்தேன். திரையில் ஒரு குடுவை இருக்கும். அதில் எந்தத் திரவத்தை வேண்டுமானாலும் ஊற்றி, நிறங்காட்டியை ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். அந்த நிறத்தை வைத்து அது அமிலமா காரமா என்று சொல்ல வேண்டும்.

அந்த லிங்க்கை முந்தைய வாரமே அனுப்பி, வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தப்பாக எழுதியிருந்த ஒரு பையனை வேண்டுமென்றேதான் எழுப்பினேன். தி.நகரில் அவன் அப்பாவுக்கு ரவிக்கைத் துணிக்கடை. அமைதியான பையன்.

அவன் வினிகரை ஊற்றி, சொட்டு விட்டான். குடுவை ஆரஞ்சாக மாறியது.

“என்ன கலர்?”

“பச்சை, மிஸ்.”

வகுப்பே சிரித்தது. தண்ணீரை ஊற்றச் சொன்னேன். அது பச்சையானது. இப்போது திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “ஆரஞ்சு” என்றான். சோப்புத் தண்ணீருக்கு மட்டும் நீலம் என்று சரியாகச் சொன்னான். விருந்தினர் முன்னால் விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

“லிங்க்கைத் திறந்துகூடப் பாக்கல, இல்ல?”

“பாத்தேன் மிஸ். நெறைய வாட்டி பாத்தேன்.”

“பொய் வேறயா? போய் உக்காரு.”

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அதன் பிறகு வகுப்பு முடியும்வரை தலையைத் தூக்கவே இல்லை. நான் அடுத்த மாணவியை அழைத்து, பாடத்தை அழகாக முடித்து, பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, கொட்டிவாக்கத்திலிருந்து வந்திருந்த இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் வினிகரோட கலரும் தண்ணியோட கலரும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. எனக்கு நிறக்குருடு. அந்தப் பையனையும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

மறுநாள் அந்தப் பையனை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்களை என் கைப்பேசியில் காட்டினேன். அவற்றையும் இணையத்திலிருந்துதான் எடுத்தேன். தேடியதும் கிடைத்தன. இத்தனை வருடத்தில் இதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பல படங்களில், “இதுல நம்பர் எதுவும் இல்லையே மிஸ்” என்றான். எனக்குப் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொல்ல அவன் அப்பாவை வரவழைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண் மருத்துவரும் அதையே உறுதி செய்தபின் மறுபடி வந்தவர், நாற்காலியில் உட்காரவே இல்லை.

“கடையில பச்சை லைனிங் எடுலேன்னா பிரவுனைக் கொண்டாருவான் மிஸ். வேணும்னே செய்யுதான்னு ஏசிக்கிட்டே கெடந்தேன். பொறுமையாச் சொல்லியிருக்கணும்.”

அவர் தன் கடைக்குள் திட்டினார். நான் ஊரைக் கூட்டி வைத்துத் திட்டியிருந்தேன்.

அன்று மாலையே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மிஸ்” என்று சட்டென்று சொன்னான். இதைச் சொல்லிப் பழகிப்போன குரல் அது. அப்படியே போய்விடுவான் என்று நினைத்தேன். வாசல்வரை போனவன் திரும்பினான்.

“கிளாஸ்ல ஒண்ணு மட்டும் சொல்றீங்களா மிஸ்? கண்ணு விஷயம் வேணாம். நான் வீட்ல பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க.”

அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன். “அன்னிக்கு இவன் பொய் சொல்லல. வீட்ல பாத்துட்டுத்தான் வந்தான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” யாரும் சிரிக்கவில்லை. அவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவன் அவன் தோளில் இடித்ததும் லேசாகச் சிரித்தான்.

இப்போது நிறத்தின் பெயரோ அதற்குரிய pH எண்ணோ திரையில் எழுத்தாகவும் தெரிகிற சோதனைகளைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. அவனும் இப்போது தப்பில்லாமல் செய்கிறான்.

ஆனால் அன்று கடைசி பெஞ்சில் இருந்த ஆசிரியர்கள் யார் யாரென்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சலும் வரவில்லை. அவர்களில் சிலருடைய நினைவில் அந்தப் பையன் இன்னும் பொய்க்காரனாகவே நின்றுகொண்டிருப்பான் என்று நினைக்கும்போதெல்லாம், யாருமில்லாத இடத்திலும் எனக்குத் தலை குனிகிறது.