நாற்காலி கேட்ட மாப்பிள்ளை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் சொர்ணவாரிப் பருவ நெல் நடவுக்காக வயலெல்லாம் தண்ணீர் கட்டியிருந்தார்கள். நான் டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். அந்த மாசத்தில் எனக்குச் சோறு தின்னக்கூட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சியைப் பெண் பார்க்க மாகறலிலிருந்து வந்தார்கள்.

அப்பா இல்லாத வீடு. நல்லதோ கெட்டதோ நான்தான் பார்க்க வேண்டும். எனக்கோ பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் பால் அளக்கும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். போதாததற்கு, எங்கள் சித்தப்பா மகளை வெளிநாட்டு மாப்பிள்ளை என்று நம்பிக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே போனால் அவனுக்கு வேலையே கிடையாது. அந்தப் பெண் அழுதுகொண்டே பெட்டியோடு திரும்பி வந்தபோது நான்தான் போய்க் கூட்டி வந்தேன். அதிலிருந்து 'மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை' என்றாலே நான் நம்புவதில்லை.

இந்த மாப்பிள்ளைக்கு வேலை காஷ்மீரில். பனிமலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்கிற நீளக் கட்டைகளை விற்கிற கடையாம். யாருக்கு எந்தக் கட்டை சரிப்படும் என்று இவர்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பாராம். ஓட்டல் வேலைக்குப் போனவர், அங்கேயே சறுக்கக் கற்றுக்கொண்டு கடைக்கு மாறிவிட்டாராம். மாகறல்காரருக்குப் பனியில் என்ன வேலை? போட்டோ காட்டினார். எல்லாவற்றிலும் முகத்தை மூடிக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பது இவரா, இவர் பக்கத்து வீட்டுக்காரரா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உறுத்தியது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். அவர் பெரியப்பா, மாமா எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நின்றுகொண்டே ஒரு நாற்காலி கேட்டார். அவர் அம்மா சட்டென்று வேறு பேச்சை எடுத்தார்கள். அதை நான் கவனித்தேன்.

அவர்கள் போனதும் எங்கள் அம்மா ஆரம்பித்துவிட்டார்கள். "பெரியவங்கல்லாம் தரையில குந்திக்கினு கீறாங்க, இவுரு மட்டும் சேர்ல. இன்னா திமிருடா இது?"

தங்கச்சி ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், சட்டென்று பதில் சொல்கிறவள். அன்றைக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினேன். டிராக்டரை நிறுத்தும்போதெல்லாம் செல்போனில் பனிச்சறுக்கு வீடியோ பார்த்தேன். பாதி புரியவில்லை. ஆனால் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் போட்டிருக்கிற தடத்தை விட்டு விலகி மலை முழுக்கச் சுற்றுவதற்கு அகலமான கட்டை வாங்குகிறார்கள் என்பதும், எவ்வளவு அகலம் என்பதில் ஆளுக்கு ஆள் சண்டை போடுகிறார்கள் என்பதும் புரிந்தது. அது போதும் என்று மாப்பிள்ளையை வயலோரத்து டீக்கடைக்கு வரச் சொன்னேன்.

என் தங்கச்சி கம்பெனியில் ஒரு பெரிய ஆபீசர் இருக்கிறார், பனியில் நன்றாகச் சறுக்குவார், அவருக்கு அகலமான கட்டை ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"அவரு எடை இன்னாணா?" என்றார் மாப்பிள்ளை.

நான் முழித்தேன். பிறகு, "நம்ம கல்யாண புரோக்கர் மாதிரி குண்டா இருப்பாரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இடுப்பு பார்த்து வாங்கணும்ணா. இடுப்பு அகலமா கீறதுதான் நல்லாத் தாங்கும். ரொம்ப அகலமானாலும் பேஜாரு" என்றார்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தங்கச்சியைப் பார்க்க வந்துவிட்டு என்னிடமே என்ன பேச்சு இது? நான் எழுந்தேவிட்டேன். அவர் பதறிப்போய், கட்டையின் நடுவில் கால் வைக்கிற இடத்துக்குத்தான் கடையில் இடுப்பு என்று சொல்வோம் என்றார். மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டு வரைந்தும் காட்டினார்.

பிறகு அவர் பேசப் பேச நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். புதுசாகப் பெய்த பனி மாவு மாதிரி பொலபொலவென்று இருக்குமாம். குறுகலான கட்டை அதில் முங்கிப்போகும், அகலமானது மேலேயே மிதக்கும். எதிரே சேற்றில் நின்ற என் டிராக்டரைப் பார்த்தேன். நாங்களும் சேறு அடிக்கும்போது வண்டி புதையாமல் இருக்க அகலமான இரும்புச் சக்கரம் மாட்டுகிறோம். கேஜ் வீல் மாதிரியா என்றேன்.

"அதேதான்ணா!" முகமே மலர்ந்துவிட்டது. "அதே கேஜ் வீலோட தார் ரோட்டுல ஏறுனா?"

"வண்டி ஆடுற ஆட்டத்துல எலும்பு கழண்டுடும்."

"இங்கயும் அப்பிடித்தான். பனி இறுகிக் கல்லாட்டம் கீற எடத்துல அகலக் கட்டையைச் சாய்ச்சுத் திருப்பறது கஷ்டம். அந்த முறுக்கு மொத்தமும் முட்டிக்குத்தான் வரும். மலை முழுக்கச் சுத்தறவருன்னா நடுத்தர அகலம் வாங்கச் சொல்லுங்க."

ஆள் அசல் என்று தெரிந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அங்கேயே நான் கைகொடுத்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? "நீ எதுல போற தம்பி?" என்றேன்.

"நான் குறுகலானதுலதான்ணா."

"இவ்ளோ தெரிஞ்ச ஆளு நீ. அகலமானதை ஏன் எடுக்கல?"

அவர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வயலைப் பார்த்தார். முறுக்கு மொத்தமும் முட்டிக்குத்தான் வரும் என்று அவரே சொன்னது, கூடத்தில் அவர் கேட்ட நாற்காலி, அவர் அம்மா மாற்றிய பேச்சு எல்லாம் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தது.

"உன் முட்டிக்கு இன்னா?"

பேன்ட்டை மேலே சுருட்டினார். முழங்காலில் நீளமான தழும்பு. பனியில் விழுந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நடக்கலாம், வேலை செய்யலாம், இறுகிய பனியில் பார்த்துப் பார்த்துச் சறுக்கவும் செய்யலாம். ஆனால் அந்தக் காலை மடக்கிச் சம்மணம் போட முடியாது. கல்யாணம் முடிகிறவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே என்று அவர் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

"அப்போ எங்களை ஏமாத்தலாம்னு பார்த்த?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"உங்க தங்கச்சிகிட்ட முதல் போன்லயே சொல்லிட்டேன்ணா. அண்ணன்கிட்ட நான் பார்த்துக்கறேன்னு அவங்கதான் சொன்னாங்க."

அதையும் நான் நம்பவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்துக்கே போய் நின்றேன். தங்கச்சி இறங்கினாள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"இன்னாணா, முட்டியைக் கண்டுபிடிச்சிட்டியா?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா நம்பியிருப்பியா? அந்த ஆளு சொல்லிக் குடுத்து இவ பேசறா, இன்னும் இன்னாவோ மறைக்கறாங்கன்னு சொல்லுவ. நீயா கண்டுபிடிச்சாத்தான் உனக்கு நம்பிக்கை வரும். எனக்கு அவரு முட்டி மேல பயமில்லணா. உன் மேலதான் பயம். இதைச் சாக்கா வெச்சு வேணாம்னு சொல்லிடுவியோன்னு தூக்கமே வரல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆசாரியிடம் சொல்லி, காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற மாதிரி உயரமாக இரண்டு மணை செய்யச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மட்டும் உயரமாகப் போட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. பந்தல் வாசலில் நின்று, மாப்பிள்ளைக்கு முட்டியில் ஆபரேஷன் என்று வந்தவர்களிடம் நானே சத்தமாகச் சொன்னேன். அவர் அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போதும் பால்காரர் கையை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் எனக்காக உயிரையே விடுகிற என் தங்கச்சி, ஒரு உண்மையை என்னிடம் நேராகச் சொல்ல முடியாமல் நானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாளே, அதை நினைக்கும்போதெல்லாம் சந்தேகப்பட வேண்டிய ஆள் நான்தானோ என்று தோன்றுகிறது.