நான் வேண்டாமென்ற ஆறு மாதம்

ஆறு மாதம் நான் இல்லாவிட்டால் என் நாற்காலி என்னை மறந்துவிடும் என்று நம்பினேன்.

சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, மீசை வைத்தவன், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் மிளகுக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்த்தவன், ஒரு மரச்சாமானின் ஞாபகசக்தியை நினைத்து நடுங்கினேன்!

அந்த நடுக்கத்தில்தான் அதைச் செய்தேன். என் மனைவி செல்லம் அரும்பாடுபட்டுப் பெற்றுத் தந்த ஆறு மாத லீவை, என் வாயாலேயே வேண்டாமென்று சொல்லித் தொலைத்தேன். தொலைத்ததோடு நின்றேனா? பழியைக் கம்பெனித் துரையின் தலையில் வைத்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், மீனாட்சி. நாகப்பட்டினத்தில் நாங்கள் மூவரும் கப்பலேற நின்ற அன்று அவளுக்குக் காய்ச்சல். துறைமுக டாக்டர் குழந்தையின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார், இது ஏறக்கூடாது என்றார். நான் உத்தியோகத்தில் சேரவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தையை என் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ‘அடுத்த கப்பலில் வந்துவிடுவாள்’ என்று செல்லத்தைத் தேற்றி ஏற்றினேன்.

அடுத்த கப்பல்! அது வரவேயில்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை; அண்ணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து நான் கேட்டெழுதியபோது அண்ணன் பதில் எழுதினார்: ‘குழந்தைக்கு உங்கள் முகமே மறந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களோடு அனுப்பமாட்டேன். இரண்டு பேரும் வந்து நாலைந்து மாதம் கூட இருந்து, பழக்கி அழைத்துப் போங்கள்.’

நியாயமான பேச்சு. ஆனால் நாலைந்து மாதம்... யார் கொடுப்பார்? கம்பெனியில் ஏழு வருஷம் முடித்த கிராணிக்கு ஆறு மாத லீவு உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஏழு முடிந்தது, வாயைத் திறக்கவில்லை. செல்லம் மாதம் ஒருமுறை நினைவூட்டுவாள். நான் ஒரு வேடிக்கைப் பேச்சால் தட்டிக் கழிப்பேன்.

“நான் போனா மிளகெல்லாம் காரத்தை விட்டுடும்டி” என்பேன்.

“நான் மட்டுமாவது போய்ட்டு வரேன்” என்றாள் ஒருநாள்.

“பொம்பள தனியா எட்டு நாள் கப்பல்லயா?” என்று வாயடைத்தேன். அதற்கு வேடிக்கைகூடத் தேவைப்படவில்லை.

எனக்கு அப்படி என்ன பயம்? சொல்கிறேன். லீவில் போகிறவனின் இடத்தில் வேறொருவன் உட்காருவான். அவன் என்னைவிட நன்றாக எடை பார்த்துவிட்டால்? அதைவிடக் கொடுமை, நான் இல்லாமலே எல்லாம் சரியாக நடந்துவிட்டால்? ஊரையே சிரிக்க வைக்கிற நான், உள்ளுக்குள் இவ்வளவுதான்!

ஒரு திங்கட்கிழமை காலை, துரையின் அறையிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது. என் ஆங்கிலம் மூட்டை ஆங்கிலம்: எடை குறைவு, ஈரம், ஓட்டை, திருப்பி அனுப்பு. அதற்கு மேல் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன். முதல் வரியில் என் பெயர் இருந்தது. என்னோடு வேலை பார்த்த கிராணி கந்தையாவின் பெயர் இருந்தது. நடுவில் ‘ரிலீவ்’ என்ற சொல் இருந்தது.

அந்தச் சொல்லை அதற்குமுன் ஒரே ஒரு காகிதத்தில்தான் பார்த்திருந்தேன். குடித்துவிட்டுத் துரையின் குதிரைவண்டியில் ஏறிப் படுத்துத் தூங்கிய படகுத்துறைக் கிராணி ஒருவனுக்கு வந்த காகிதம் அது. மறுநாள் அவன் இல்லை. ஆகவே என் அகராதியில் ரிலீவ் என்றால் சீட்டுக் கிழிந்தது என்று பொருள்.

இரண்டாவது வரியை நான் படிக்கவில்லை. நீங்கள் படித்திருப்பீர்கள். எந்த அறிவுள்ளவனும் படித்திருப்பான்!

பக்கத்திலிருந்த பெரிய தராசின் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீனக் கூலியாள் ஒருவர் முள்ளைப் பார்த்து என் எடையைக் கூவினார். கிடங்கே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுந்து ஓடினேன். துரையின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, மேசைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

“நோ ரிலீவ், சார்! ஐ நோ வாண்ட் ரிலீவ்!”

துரை எழுந்து நின்றார். பாவம், செத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். என்னைத் தூக்கி நிறுத்தி, உறுதியாகத்தானா சாமி, உறுதியாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். (எங்கள் எல்லோரையும் அவர் சாமி என்றுதான் அழைப்பார்.) இரண்டு தடவையும் தலையாட்டினேன். உடனே என் தோளைத் தட்டி, வெளியே அழைத்துவந்து, மற்றக் கிராணிகளின் முன்னால் என்னை நிறுத்தினார். லீவையே வேண்டாமென்கிற விசுவாசியைப் பாருங்கள் என்று அவர் பேசியதைப் பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்குப் பாதி புரியவில்லை. வேலை நிலைத்தது என்பது மட்டும் புரிந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்!

சாப்பாட்டு நேரத்தில் கந்தையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர், ஆங்கிலம் சுத்தமாகத் தெரிந்தவர்.

“என்ன அண்ணை, உங்களுக்கு விசரோ? ஆறு மாச லீவு குடுத்தவை. ஆராவது வேண்டாமெண்டு விழுந்து கும்பிடுவினமோ?”

“லீவா? சீட்டைக் கிழிச்சுட்டு உங்களை உட்கார வெச்சாங்கன்னுல்ல நெனச்சேன்!”

“திரும்பி வருமட்டும் உங்கட வேலையை நான் பாக்கிறதெண்டுதானே எழுதிக் கிடக்கு? ரெண்டாவது வரியை வாசிக்கேல்லையோ?”

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். அவர் விரல் வைத்துக் காட்டினார். லீவு... ஆறு மாதம்... எனக்குத் தெரிந்த சொற்கள்தான்.

“சனிக்கிழமைதான் லீவுப் பட்டியல் மேல போகுது. இப்பவே போய்த் துரையிட்டச் சொல்லுங்கோ. பிழையா விளங்கிட்டன் எண்டு சொன்னாச் சரி.”

எவ்வளவு எளிது பாருங்கள்! ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்குச் சனிக்கிழமைவரை நாலு முழு நாள் இருந்தது.

ஆனால் கைதட்டியிருக்கிறார்களே... விசுவாசி என்று துரை நிறுத்திக் காட்டியிருக்கிறாரே... இப்போது போய், ஐயா, எனக்கு ஒரு சொல் தெரியவில்லை என்றா சொல்வது? மற்றவர்களின் ஆங்கிலத்தைக் கேலிசெய்து கிடங்கைச் சிரிக்க வைத்தவன் நான். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை சிராங்கூன் சாலையில் எங்கள் வாடகை அறைக்குத் திரும்பினேன். செல்லம் வாசலிலேயே நின்றாள்.

“ஆபீஸ்ல இன்னிக்குக் காயிதம் ஏதாச்சும் வந்துச்சாங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் கேக்குற?”

“கோவிச்சுக்காதீங்க. கடைவாசல் அஞ்சடி நடையில பெட்டி போட்டு உக்காந்திருக்காரே மனு எழுதுற ராவுத்தரு... அவருகிட்டச் சொல்லி, நீங்க எழுதுறமாதிரி துரைக்கு ஒரு மனு போட்டேன். புள்ளயப் பாத்து ஏழு வருசமாச்சுன்னு எழுதச் சொன்னேன். ரொம்ப நல்லா எழுதிக் குடுத்தாரு.”

மூன்று வாரமாக அவள் அந்தப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் ஒரு காலைப்பொழுதில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்!

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், மறுநாள் விடிந்ததும் என்னைத் துரையின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். லீவும் கிடைத்திருக்கும்.

“வந்துச்சு” என்றேன். “துரை முடியாதுன்னுட்டாரு.”

செவ்வாயும் வியாழனும் துரையின் அறைக்கதவு வரைக்கும் போனேன். ஒருமுறை கைப்பிடியைக்கூடத் தொட்டேன்... திரும்பிவிட்டேன். சனிக்கிழமை பட்டியல் போயிற்று. என் இடத்தில் கந்தையாவின் பெயர். எனக்கு அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள்.

செல்லம் அன்றிலிருந்து துரையைத் திட்டத் தொடங்கினாள். அரிசி களையும்போது திட்டுவாள், துணி பிழியும்போது திட்டுவாள்.

“கட்டையில போறவன்! அவனுக்குப் புள்ளகுட்டியே இருக்காதா?”

“அவன் மூஞ்சிக்கு எவடி கழுத்த நீட்டுவா?” என்பேன் நான்.

அவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்காக நானும் தினமும் திட்டினேன். துரையைப் போல நடந்து காட்டினேன், தும்மிக் காட்டினேன். ஒரு குற்றமும் செய்யாத மனிதரை எங்கள் அடுப்பங்கரையில் நாள்தோறும் தூக்கிலிட்டோம். வெள்ளிக்கிழமைகளில் அவள் காளி கோயிலுக்குப் போய், துரைக்கு மனம் இளகவேண்டும் என்று விளக்குப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டு கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்துக் கந்தையா திரும்பிவந்து எங்களைப் பார்க்க வந்தார். முகமே மாறியிருந்தது. தோள் இறங்கி, பேச்சு நிதானமாகி... மனிதர் வேறு யாரோ போலிருந்தார்.

“முதல் மாசம் சின்னவன் எனக்குக் கிட்டவே வரேல்லை, அக்கா. என்னைக் கண்டா ஓடி ஒளிப்பான். ரெண்டாம் மாசம் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்தான். நாலாம் மாசம் என்ர நெஞ்சில ஏறிப் படுத்தான். பத்து நாள் லீவில போயிருந்தால் ஆரோ ஒரு மாமா வந்தவர் எண்டுதான் நினைச்சிருப்பான்.”

செல்லம் காப்பிச் செம்பைப் பிடித்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“உங்களுக்கு மட்டும் துரை எப்படித் தம்பி விட்டாரு?”

கந்தையா என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

“எனக்கு... ஏதோ அதிர்ஷ்டம், அக்கா” என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று அப்போது நினைத்தேன். வாசல்வரை வழியனுப்பப் போனபோது செருப்பை மாட்டிக்கொண்டே, “இனி உங்கட வீட்டுக்கு நான் வரமாட்டன், அண்ணை” என்றார். வரவில்லை.

கந்தையா ஆறு மாதம் இல்லாத கிடங்கு எப்படி நடந்தது தெரியுமா? நன்றாக நடந்தது. அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். கந்தையா திரும்பி வந்ததும் எழுந்துகொண்டார். அவ்வளவுதான்! இதற்காகவா?

அடுத்த வருஷம் ஐப்பசியில் செல்லத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். என் லீவு முறைக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. மகளை அவள் பார்க்கவில்லை.