கட்டை போட ஆள் வேண்டும்

எங்கள் கார் ஓடும், நிற்காது. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் இரண்டு மூச்சு விடுகிற நேரம் பொறுத்திருந்துவிட்டு மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் கால் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருப்பேன். என் மனைவி காலடியில் கிடக்கும் புளியமரக் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி, பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பாள். "ம், வுடுங்க" என்று அவள் குரல் வந்த பிறகுதான் நான் காலை எடுப்பேன். கிளம்பும்போது கட்டையை உருவிக்கொண்டு, நகர்கிற வண்டியில் ஓடிவந்து ஏறுவாள். "எல்லா வூட்லயும் பொண்டாட்டி முட்டுக்கட்டை போட்டா திட்டுவாங்க. எங்க வூட்ல போடலைன்னாதான் திட்டு" என்று மலைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கள்ளக்குறிச்சியில் எனக்குச் சின்னக் கடை. கல்வராயன் மலையில் விளையும் புளி, கடுக்காய், சாமை, தினை இவற்றை வாங்கிவந்து விற்கிறேன். வாராவாரம் கரியாலூர்ப் பக்கம் போய்ச் சரக்கு எடுத்துவர வேண்டும். அங்கே கொஞ்சம் சமமான இடம் இருந்தால் அதில் யாராவது வீடு கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கொல்லை போட்டுப் பயிர் வைத்திருப்பார்கள். காருக்கு மிஞ்சுவது மேடுதான்.

மகன் சென்னையில் இருக்கிறான். மருமகள் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை உட்கார்ந்தது, தவழ்ந்தது, எழுந்து நடக்கவும் தொடங்கியது. அவள் வரவில்லை. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். கேட்காத வரைக்கும் அடுத்த மாதம் வருவாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

தனியாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்று பிறரிடம் சொல்லுவேன். பொய். கடையைச் சாத்தியதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்று வேண்டாத டீ குடிப்பேன். ஒருத்தனுக்கு மட்டும் சோறு வடிக்க எனக்குக் கடைசிவரை அளவு பிடிபடவில்லை. ஒன்று குழம்பு தீர்ந்து சோறு மிஞ்சும், அல்லது சோறு தீர்ந்து குழம்பு மிஞ்சும். அவள் தினமும் போனில் பேசுவாள், உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் பாதி குழந்தை என்ன செய்தது என்பதிலேயே போய்விடும். எனக்குப் பேரப்பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இல்லை. பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

மலையில் இன்னும் மோசம். தனியாகப் போனால் யார் கட்டை போடுவது? கியரில் போட்டுவிட்டு இறங்குவேன். இல்லையென்றால் வண்டியின் பின்புறத்தை ஏதாவது மண்மேட்டில் சாய்த்து நிறுத்துவேன். ஒரு நாள் கியர் நழுவிவிட்டது. நான் புளி மூட்டையைத் தூக்கித் திரும்புவதற்குள் வண்டி தன்போக்கில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து பெரிய கல்லாகப் பார்த்துச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் வண்டி பள்ளத்தில் இருக்கும் வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்திருக்கும். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"அம்மா இன்னும் வரலீங்களா?" என்றார்.

ஊர் முழுக்க அதைத்தான் கேட்டது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. இந்தக் காருக்கு ஒரு வழி பண்ணியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சேலம் ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வேலையைவிட வாய் ஜாஸ்தி. போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு எந்த வண்டியையும் எதுவாகவும் மாற்றிவிடலாம் என்று நம்புகிறவர். பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்துக் காட்டினார். உள்ளே உரசிப் பிடிக்க வேண்டிய லைனர் முழுக்க எண்ணெயில் குளித்திருந்தது.

"அச்சுல சீல் போயி ஆயில் எறங்குதுணா. லைனர் நனைஞ்சா எப்புடிப் புடிக்கும்? சீலை மாத்தி, லைனர மாத்தினா செட் ஆயிடும்."

"அதை நீதான் போன வருஷமும் மாத்தின, அதுக்கு முன்ன வருஷமும் மாத்தின" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப டிரம்மையே தூக்கிடலாம்ணா. பின்னாடியும் டிஸ்க் பிரேக் போட்டுடறேன். மூடின பெட்டியே கெடையாது. எண்ணெய் தேங்காது, ஆத்துத் தண்ணில எறங்கினாலும் உடனே காஞ்சுடும். மலை எறங்கறப்போ அந்தக் கருகுற நாத்தமும் வராது."

"மேட்டுல நிக்குமா?"

"மலையே நவுந்தாலும் வண்டி நவுராதுணா."

காயலான் கடையிலிருந்து டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும் கொண்டுவந்தார். கேலிப்பரைப் பிடித்து நிறுத்த அச்சில் இடம் இல்லை. லேத்தில் தடித்த இரும்புத் தகட்டை வெட்டி ஓட்டை போட்டு, பொருந்தாமல் மறுபடி வெட்டி, ஒருவழியாக மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம். காலை வைத்ததும் சுவரில் முட்டியதுபோல நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது எதையும் பிடிக்காமல் என் கையோடு மேலே வந்தது. குனிந்து பார்த்தால் அதன் கேபிள் அச்சுக்குக் கீழே எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வாங்கி வந்த கேலிப்பரில் கேபிள் மாட்டுகிற கையே கிடையாது! எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தோமோ அதுதான் இல்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

"வீடியோல அதை அவன் காட்டலியேணா" என்றார் மெக்கானிக்.

பிறகு வேறொரு வண்டியிலிருந்து கை வைத்த கேலிப்பர் ஜோடி தேடிப் பிடித்து, தகட்டைத் திரும்பவும் வெட்டி, கேபிளைச் சேர்த்தார். கடைசி வேலை, பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். "அமுக்குணா… புடிச்சுக்க… வுடு" என்று கீழேயிருந்து குரல் வர, நான் அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. கால் கடுத்தது. ஆனாலும் அது முடியவேண்டாம் என்று இருந்தது. ஒரு குரல் சொல்ல அதற்கு ஏற்றபடி நான் ஒன்றைச் செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். கரியாலூரில் புளிக்காரர் வீட்டு முன்னால் இருப்பது அந்த ஊரிலேயே செங்குத்தான மேடு. வேண்டுமென்றே அங்கே நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். காலை எடுத்தேன். வண்டி நின்றது. இறங்கிக் கதவைச் சாத்தினேன். நின்றது. பின்னால் போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. புளிக்காரர் வீட்டம்மா வாசலில் நின்று சிரித்தார்.

இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல எனக்கு ஒருத்திதான் உண்டு. அந்த ஊரில் பள்ளிக்கூடத்து மதிலோரம்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று போன் போட்டேன்.

"வண்டி நிக்குது" என்றேன், எடுத்த எடுப்பில்.

"ஐயையோ, எங்க நின்னுபோச்சு?"

"நின்னுபோவல. நிக்குது. மேட்டுல. கட்டையே இல்லாம நிக்குது!"

டிஸ்க் மாற்றியதை அதுவரை அவளிடம் மறைத்து வைத்திருந்தேன். இப்போது எண்ணெய்க் குளியலிலிருந்து கை இல்லாத கேலிப்பர் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் அதோடு நிற்கவில்லை.

"இனிமே யாரும் எறங்கி ஓடத் தேவையில்ல. நான் ஒருத்தனே போதும். ஆளே வேணாம்!"

 அந்தப் பக்கம் மகனின் குரல் கேட்டது. குழந்தை மடியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறாள்.

"அப்புறம் இன்னாம்மா? அதான் அப்பா எல்லாத்தையும் சரி பண்ணிட்டாரே. நீ நிம்மதியா இங்கயே இரு" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

அவள் எழுந்து வேறு பக்கம் போவது தெரிந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். குரல் தாழ்ந்து கிட்டத்தில் கேட்டது.

"இத இன்னாத்துக்குங்க இப்ப சொன்னீங்க?"

"நல்ல சேதின்னுதான்…"

"நேத்துதான் அவங்கிட்டப் பேசி ஒருவழியா ஒத்துக்க வெச்சேன். பாப்பாவுக்கு ஒரு ஆளைப் பாத்துக்க, நான் ஊருக்குப் போறேன், அப்பாவுக்கு வண்டிக்குக் கட்டை போட ஆளில்லன்னு. இப்ப இன்னா சொல்லிட்டு நான் வர்றது?"

 அவளும் வரத்தான் நினைத்திருக்கிறாள். உங்க அப்பாகூட இருக்கணும் என்று பேரன் எடுத்த வயதில் பெற்ற மகனிடம் எப்படிச் சொல்வாள்? எங்களைப் போன்றவர்கள் சேர்ந்திருப்பதற்கு ஒரு வேலை வேண்டும். வேலை இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான் அவசர அவசரமாக ஒன்றைத் தேடினேன்.

"புளி நெறைய வந்துருக்குது" என்றேன். "கொட்டை எடுக்க ஆளில்ல."

 அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"அதுக்கு வேணுன்னா கூலிக்கு ஆள் கெடைக்குமேங்க. நான்தான் வரணுமா?"

அதற்கு மேல் அவள் எப்படிக் கேட்பாள்? "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. மதிலோரம் யாரும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"கெடைக்கும்" என்றேன்.