சாகு நாயி

சிலிண்டரைத் தோளில் ஏற்றுவதற்கு முன்பு சுடலைமுத்து கேட்டுக்கு வெளியே நின்றபடி மூன்று மொழிகளில் கேட்பார். "நாயி இருக்கா? நாயி இதெயா? குக்க உந்தா?" பதில் வருகிறவரை ஒரு கால் எடுத்து வைக்க மாட்டார். "இல்லப்பா, வா" என்று சொன்னாலும் போதாது. "பக்கத்து வீட்டு நாயி எதுவும் வந்து படுத்துக் கெடக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க" என்பார். அடுப்பில் குழம்பு பாதியில் நிற்கிற ஜூஜுவாடிப் பெண்கள் இதற்காக அவரைத் திட்டுவதுண்டு. திட்டு வாங்கினால் ஊசி போட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. இடது முழங்காலுக்குக் கீழே, காக்கிப் பேன்ட்டுக்குள், நெடுக்காக அறுத்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் துணி சுற்றிக் கட்டியிருப்பார். நடக்கும்போது டொக் டொக்கென்று கேட்கும். ஏஜென்சியில் எல்லோரும் கேலி பேசுவார்கள். டெம்போ ஓட்டும் தங்கதுரைதான் முதல் ஆள். "அண்ணனுக்குக் கால்ல போர்வெல் போட்டிருக்கு" என்பான். சுடலைமுத்து சிரித்துக்கொள்வார். கடிபட்டவனுக்குத்தானே தெரியும் பல்லின் நீளம்.

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஓசூருக்கு வந்தது கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலைக்கு. லேத் மிஷினில் அவருக்கு இந்தப் பக்கம் நின்றவன் கோவில்பட்டி, அந்தப் பக்கம் நின்றவன் திருச்செந்தூர். குடியிருந்த வரிசை வீடுகளிலும் அதே கதை. கர்நாடக எல்லையில் அத்தனை வருஷம் இருந்தும் ஒரு வார்த்தை கன்னடம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. ஒப்பந்தம் முடிந்து கம்பெனி ஆளைக் குறைத்தபோது கேஸ் ஏஜென்சியில் சேர்ந்தார். ஜூஜுவாடி லைனைக் கொடுத்தார்கள். அங்கே பழைய குடிகள் பாதிப்பேர் வீட்டுக்குள் கன்னடம், வாசலில் தமிழ், சந்தையில் தெலுங்கு. சுடலைமுத்துவுக்கு வாசல் மட்டும் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மாதப்பன் வீட்டு வாசலில்தான் அந்தக் கணக்கு தப்பியது. மாதப்பன் கேழ்வரகும் ரோஜாவும் போடுகிற விவசாயி. சுமாரான வசதி, சுமாரான கோபம். போன வருஷம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சுடலைமுத்து காலி சிலிண்டரைச் சிமென்ட் தரையில் உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்த உருட்டல் சத்தம் எந்த நாய்க்கும் ஆகாது. மாட்டுக் கொட்டகையிலிருந்து சிங்கா என்கிற செவலை நாய் குரைத்துக்கொண்டே பாய்ந்து வந்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பதை நம்பி அவர் நின்றார். நாய்க்கு அந்தப் பழமொழி தெரியவில்லை. கெண்டைக்கால் சதையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது.

மாதப்பன் ஓடி வந்தார். அவர் மனைவி வெங்கடம்மாள் ஒரு கை மஞ்சள்தூளை அள்ளி வந்து காயத்தில் அப்பினாள். பதற்றத்தில் மாதப்பனுக்குத் தாய்மொழிதான் வாயில் வந்தது.

"நம் மனே சாகு நாயி அது. ஏனூ ஆகல்ல, ஏனூ ஆகல்ல."

சுடலைமுத்து அதைக் கேட்டார். முழுசாகக் கேட்டார். ஏனூ என்பதும் ஆகல்ல என்பதும் காற்றோடு போய்விட்டன. சாகு நாயி மட்டும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாகப் போகிற நாய். வெறி பிடித்துச் சாகப் போகிற நாயை வாசலில் திரியவிட்டு, அதை வாய் கூசாமல் சொல்லவும் செய்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்தார். வலிகூட அப்போது தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதலில் மஞ்சளைப் பார்த்துத்தான் கோபப்பட்டார். குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு, தண்ணீரை விட்டு விட்டுக் கழுவினார். கால் விறைக்கிற அளவுக்குக் கழுவினார். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ நாய்க்கடியில் வைக்கவே கூடாது, கடித்த இடத்திலேயே இப்படிக் கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார். சுடலைமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டே இருந்தார். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். "வயித்த விடுங்க, கைய நீட்டுங்க. இப்பல்லாம் கையிலதான்" என்று நர்ஸம்மா சொன்னபோது நம்பாமல் ஒரு கையை மட்டும் நீட்டினார். காயம் ஆழம் என்பதால் அதைச் சுற்றியும் மருந்தை ஏற்றினார்கள். அது வேறு ஊசி. அப்போதுதான் கத்தினார்.

டாக்டரிடம் அந்த வார்த்தையையும் சொன்னார். வீட்டுக்காரரே சாகப் போகிற நாய் என்கிறார் என்று. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசியை ஆரம்பித்தாகிவிட்டது, தவறாமல் வந்து எல்லா ஊசியும் போட்டுக்கொண்டால் பயமில்லை என்று தைரியம் சொன்னார். அதோடு, நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருங்கள், அது சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்தால் அதன் கடியில் விஷம் எதுவுமில்லை என்று அர்த்தம், செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வந்து சொல்லுங்கள் என்றார். ஊசி பலிக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சுடலைமுத்துவின் புத்தி ஏற்றுக்கொண்டது. மனசு ஏற்கவில்லை. அவர் உயிர் இனிமேல் அந்தச் செவலை நாயின் கழுத்தில்தான் தொங்குகிறது என்று அது முடிவு செய்துகொண்டது.

அன்று சாயங்காலம் தங்கதுரை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உருட்டுக்கட்டையோடு வந்து நின்றான். நாயை அடித்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்றான். சுடலைமுத்து கட்டையைப் பிடுங்கி வீட்டுக்குள் போட்டார். அடிப்பது குற்றம் என்பது அவருக்குத் தெரியாது. "அது செத்துப் போச்சுன்னா, அதுவா செத்துச்சா நீ கொன்னு செத்துச்சான்னு நா யார்கிட்டலே போய்க் கேப்பேன்?" என்றார். மனைவி ரஞ்சிதா அழுதாள். எந்த மனுஷனும் தன்னைக் கடித்த நாய்க்காக இப்படிச் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே நாயைப் பார்க்கப் போனார். கேட் பூட்டியிருந்தது. மாதப்பன் வெளியே வந்து, வாசல் மொழியில், தெளிவான தமிழில் சொன்னார்.

"எங்க நாயி இல்லப்பா அது. தெரு நாயி. சோறு போட்டா வரும், போவும்."

ராத்திரிக்குள் யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். வளர்க்கிற நாய் கடித்தால் வளர்த்தவனை ஜெயிலில் போடுவார்கள் என்று. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். மனுஷன் பயந்துவிட்டார். சுடலைமுத்து கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தார். சிங்கா கொட்டகையில் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் டாடா ஏஸ் வண்டி பின்கதவு திறந்து நின்றது. ஓர் ஆள் கோணிப்பையை விரித்துக்கொண்டிருந்தான். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் மாதப்பனின் மச்சானுக்குத் தோட்டம் இருப்பது ஊருக்கே தெரியும். செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு தோட்டம். நாய் இருக்கிறதா செத்ததா என்று எந்த வேலி இடுக்கு வழியாக அவர் பார்ப்பார்?

அந்தக் காலோடு எப்படிக் காவல் நிலையம் போனார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அங்கே ஏட்டு கங்கப்பன் இருந்தார். இந்த எல்லையிலேயே பிறந்தவர், நிதானமான ஆள். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு வழியைச் சொன்னார். நாயை வளர்க்கிறவர் அதைச் சரியாகக் கட்டிவைக்காமல் விட்டதால் கடித்தது என்றால் தண்டனைச் சட்டப்படி வழக்குப் போட இடமிருக்கிறது. வைத்தியச் செலவுக்கும் வேலைக்குப் போகாத நாளுக்கும் கோர்ட்டில் தனியாக நஷ்டஈடு கேட்கலாம். எதற்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு பத்திரம். ஆனால் இதெல்லாம் நாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால்தான். தெரு நாய் என்றாகிவிட்டால் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது யாருடைய நாய் என்பதுதான் கேள்வி என்றார். ஒரு காவலரை அனுப்பி, வண்டியை நகர்த்த வேண்டாம் என்று சொல்லி, மாதப்பனை வரவழைத்தார்.

மாதப்பன் வந்து, தெரு நாய் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சோறு போட்டது தப்பா, பாவம் பார்த்ததற்கு இதுவா கூலி என்று அவர் கேட்டபோது கேட்கிறவர்களுக்கே நியாயமாகத்தான் பட்டது. நாய் கழுத்தில் பட்டை இல்லை, ஊசி போட்ட அத்தாட்சி இல்லை. சுடலைமுத்து ஏட்டின் மேஜைக்கு அருகே போனார்.

"தெரு நாயின்னா நேத்து எதுக்கு ஏட்டையா இவரு அப்படிச் சொன்னாரு? சாகப் போற நாயின்னு இவரு வாயாலதான் சொன்னாரு. தெருவுல போற நாயி சாகப் போறது இவருக்கு எப்படித் தெரியும்?"

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மாதப்பன் சத்தியம் செய்தார். உண்மையாகவே திகைத்துத்தான் போயிருந்தார். கங்கப்பன் கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினார். மாதப்பன் என்ன சொன்னாரோ அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லும்படி கேட்டார்.

சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடாத வார்த்தை அது. தேட வேண்டியிருக்கவில்லை.

"நம் மனே சாகு நாயின்னு சொன்னாரு."

கங்கப்பன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதப்பனைப் பார்த்தார். மாதப்பன் தரையைப் பார்த்தார்.

"ஏம்பா, கன்னடத்துல சாகுன்னா வளர்க்கறதுப்பா. நம்ம வீட்டுல வளர்க்கற நாயி, ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தைரியம் சொல்லியிருக்காரு. நீ அதைத் தமிழ்ல கேட்டுட்டு ராவெல்லாம் செத்துட்டு இருந்தியா?"

பிறகு மாதப்பன் பக்கம் திரும்பினார். இந்த ஆளுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது, அர்த்தமே தெரியாத வார்த்தையை இவன் எங்கிருந்து இட்டுக்கட்டுவான் என்று கேட்டார். மாதப்பன், ஜெயில் என்று சொன்னதால் பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றார். நல்ல மனுஷன்தான். பயம் வந்தால் நல்ல மனுஷன் வாயிலிருந்தும் நாய் தெரு நாயாகிவிடும்.

வழக்குப் பதியட்டுமா, என்ன வேண்டும் என்று ஏட்டு கேட்டார். சுடலைமுத்து மனுவைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டார். நாய் எல்லை தாண்டக் கூடாது, கட்டிப் போட்டிருக்க வேண்டும், தினமும் தன் கண்ணில் காட்ட வேண்டும். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். மாதப்பன் எழுதிக் கொடுத்தார். வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும், பத்து நாளானதும் நாய்க்குத் தடுப்பூசி போடுவதாகவும் தானாகவே சேர்த்து எழுதினார்.

இத்தனைக்குப் பிறகு சுடலைமுத்துவின் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வார்த்தைக்கு அர்த்தம் வேறு என்று மூளைக்குச் சொல்லிவிடலாம். ஒரு ராத்திரி முழுக்கச் சாவைக் கூடப் படுக்கவைத்திருந்த உடம்புக்கு யார் சொல்வது? தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். வெங்கடம்மாள் களி உருண்டையைத் தட்டில் வைப்பாள். சிங்கா தின்னும். "தின்னுது நோடுப்பா, நல்லாப் பாரு" என்பாள். அவருக்குப் போதாது. வெறி நாய் தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "தண்ணி ஒரு வாய் குடிச்சிரச் சொல்லுங்கக்கா" என்பார். நாய் தண்ணீரை நக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் வேலைக்குப் போவார். பேதி மாத்திரை கொடுத்த பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். போகப் போக வெங்கடம்மாள் அவருக்கும் ஒரு டம்ளர் காபி வைக்க ஆரம்பித்தாள். கேட்டுக்கு வெளியே நின்றே குடிப்பார்.

கடைசி நாளான பத்தாம் நாள் காலையில் களித் தட்டு அப்படியே இருந்தது. சிங்கா கொட்டகை நிழலில் பக்கவாட்டில் சரிந்து, கால்களை நீட்டிப் படுத்திருந்தது. வெங்கடம்மாள் பால் கறக்க உள்ளே போயிருந்தாள். சுடலைமுத்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காது அசையவில்லை. கேட்டைத் தட்டினார். வால் அசையவில்லை. ரஞ்சிதாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தார். கேட்டைத் திறந்து, யாரையும் எதையும் கேட்காமல் உள்ளே நடந்தார். நாய்க்குப் பக்கத்தில், சங்கிலி எட்டுமா எட்டாதா என்றுகூடப் பார்க்காமல், புண் ஆறாத காலைத் தரையில் ஓங்கி மிதித்தார்.

சிங்கா துள்ளி எழுந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. சங்கிலி விறைத்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி அதை இழுத்து நிறுத்த, நின்ற இடத்திலிருந்து ஊரே கேட்கக் குரைத்தது. மாதப்பனும் வெங்கடம்மாளும் ஓடி வந்தார்கள். சுடலைமுத்து பின்வாங்கவில்லை. எச்சில் தெறிக்கக் குரைக்கிற அந்த வாய்க்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.