சனிக்கிழமைப் பொரியும் உப்புத்தண்ணீர் மீனும்

கடலே இல்லாத ஓசூரில் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சூளகிரித் தொட்டியின் கதையைத்தான்.

அங்கே ஒரு வால்வு கம்பெனி. ரிசப்ஷனில் சின்னத் தொட்டி, அதில் ஒரு ஜோடி கிளவுன் மீன். பாறையெல்லாம் முடி முளைத்ததுபோல் பச்சைப் பாசி. வாராவாரம் பிய்த்தெடுத்துத் தண்ணீர் மாற்றுவேன். அடுத்த வாரம் போனால் பழையபடி நிற்கும். பிளான்ட் ஹெட் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது தொட்டியா, சாக்கடையா? அடுத்த வாரம் வெளிநாட்டு கஸ்டமர் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா தொட்டியத் தூக்கிட்டு அங்க கம்பெனி வாங்கின அவார்டு ஷீல்டு அடுக்கிருவேன்."

குஞ்சாக இருந்தபோது நான் கொண்டுவந்து விட்ட மீன்கள் அவை.

லைட் நேரத்தைக் குறைத்தேன். ஆர்.ஓ. ஃபில்டரை மாற்றினேன். டெஸ்ட் கிட்டில், மிச்சத் தீனி அழுகினால் ஏறும் நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்றது. அப்படியென்றால் தீனி அதிகம். ஆனால் நான் கொடுத்த தீனி டப்பா அளவாகத்தான் குறைந்திருந்தது. ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தபோதுதான் மர்மம் விரலில் ஒட்டியது. ஊறிப்போன பொரி!

செக்யூரிட்டி முனியப்பனைப் பிடித்தேன். கல்லாவி ஊர்க்காரர், பொய் சொல்லத் தெரியாது.

"நீங்க சொன்ன ஒரு சிட்டிகைதான் நான் போடறேன் அக்கா. பொரி, செகண்ட் ஷிப்ட் பசவராஜு போடறாருங்க. நைட்டுக்கு வர்றவரும் ஏதோ போடறாரு. மீனு கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்து தொறந்து காட்டுதுங்களே, பாவமா இருக்குது."

ஷிப்ட் மாறும்போது சாவி, டார்ச் எல்லாம் ஒழுங்காகக் கைமாறும். மீன் சாப்பிட்டாயிற்று என்ற தகவல் மட்டும் கைமாறாது. பொரியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பிளான்ட் ஹெட்டிடம் போனேன்.

"கோயில் குளம் இதைத் தாங்கும் சார், இந்தச் சின்னத் தொட்டி தாங்காது. அழுகி பாசிக்கு உரமாயிடுது. போடறவங்களைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அவர் பொரியையே பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சனிக்கிழமையில நானும்தாம்மா போடறேன். ஊர்ல இருந்தவரைக்கும் பெருமாள் கோயில் குளத்துல போடுவேன். இங்க குளத்துக்கு எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அவரும் சிரித்தார். வெறுமனே தடை போட்டால் பொரி போய் பிஸ்கட் வரும் என்று எனக்குத் தெரியும். தீனி முனியப்பன் மட்டும் போடுவது என்று முடிவாயிற்று. மீனுக்கு நல்லது செய்ய ஆசைப்படும் மற்றவர்கள் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தெடுக்க வேண்டும். பிளான்ட் ஹெட்டுக்குப் பாறைகள், பசவராஜுக்குக் கண்ணாடி, நைட் ஷிப்டுக்குக் குழாய்.

கஸ்டமர் வருவதற்குள் பாசி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பாறையின் நிறம் தெரிந்தது. அவர்கள் வந்துபோன சாயங்காலம் முனியப்பன் போன் செய்தார்.

"அக்கா, வந்தவங்க இது கம்பெனி மீனான்னு கேட்டாங்க. 'இல்ல, என்னோட மீனு'ன்னுட்டாரு நம்ம பெரிய சார்!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து எந்தத் தொட்டியில் பாசி வந்தாலும், டெஸ்ட் கிட்டைத் திறப்பதற்கு முன் அங்கே இரக்கப்படுகிறவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஆளுக்கொரு பிரஷ் கொடுத்துவிடுகிறேன்.