சுத்தம் செய்த குரல்

இறந்துபோன என் மனைவியின் குரலை நான் கணினியில் செய்தேன். அவளுடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகச் செய்தேன். அது தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மடிக்கிற போன், எதிரே இருப்பவர் பேசுவதை எழுத்தாகக் காட்டும் மூக்குக் கண்ணாடி, தூக்கத்தை அளக்கும் மோதிரம் என்று எது புதிதாக வந்தாலும் வாங்கிவிடுவேன். சனிக்கிழமை காலைகளில் பழைய சகாக்கள் காப்பிக் கடையில் கூடுவோம். மேசையில் ரொட்டித் தட்டுகளுக்கு இடம் இருக்காது, அவ்வளவு சாதனங்கள். தானாகத் தரை கூட்டும் இயந்திரத்தை நான் வாங்கி வந்த அன்று, என் மனைவி தன் அக்காளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீடு கூட்ட ஒரு சாமான் வாங்கியாந்திருக்காரு. அது போற வழியில கெடக்கிற செருப்ப எடுத்து வைக்க ஒரு ஆள் வேணுமாம். அதுக்கு நான் இருக்கேன் லா."

நானும் சிரித்தேன். பிறகு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் பெரும்பாலான பேச்சு அப்படித்தான் முடிந்தது.

வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது முற்றிவிட்டிருந்தது. அதிக நாள் இருக்கவில்லை. அவள் போன பிறகுதான் எங்கள் ஒரே மகள் கருவுற்றாள். ஆண்டு நினைவு நெருங்கியபோது பேரன் கைக்குழந்தை.

எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் நினைவு நாளன்று வீட்டில் ஜெபமாலை சொல்வோம். ஒருவர் முன்னால் முழந்தாளிட்டு ஒவ்வொரு மன்றாட்டின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் அவளுடையது. அவள் இல்லாமல் நாங்கள் சொன்ன ஜெபமாலைகள் எல்லாம் தடுமாறின. இந்த முறையும் அவளே சொல்லட்டும் என்று நினைத்தேன். அதற்கு வேண்டிய மென்பொருள் என்னிடம் இருந்தது. குரல் மட்டும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தவள் எனக்கு எதற்குக் குரல் பதிவு அனுப்புவாள்? பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் மகளுக்குத்தான் தினமும் அனுப்பினாள்.

மகளிடம் கேட்டேன்.

"கேக்கப் போறீங்களாப்பா?"

"ஆமாம்மா."

அன்றே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். நான் ஒன்றைக்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. எண்ணெய் பொரியும் சத்தம், காக்கை, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள், அவளுடைய இருமல் எல்லாவற்றையும் நீக்கினேன். தணிந்த குரலில் பேசியவை பயன்படாது என்று ஒதுக்கினேன். திரையில் அலைகளாகத் தெரிந்த அவள் பேச்சின் தரத்தை மட்டும் பார்த்தேன். கடைசியில், நான் எதைத் தட்டச்சு செய்தாலும் மென்பொருள் அதை அவள் குரலில் சொன்னது.

நினைவு நாளன்று உறவினர்கள் அவள் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டதும் ஒலிபெருக்கியை இயக்கினேன். "அருள் நிறைந்த மரியே" என்று அவள் தொடங்கினாள். யாரோ விம்மினார்கள். பிறகு எல்லாரும் மறு பாதியைச் சொன்னார்கள். அவளுடைய அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இத எப்ப எடுத்தது தம்பி? பக்கத்துல இருந்து சொல்ற மாரியே இருக்கு."

நான் புன்னகை செய்தேன். கடைசியில் ஒவ்வொருவரின் தேவைகளுக்காகவும் மன்றாடும் இடம் வந்தது. அதை நானே எழுதியிருந்தேன். "என் பேரனுக்காக மன்றாடுகிறேன். அவன் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும்" என்றது குரல்.

அக்காள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். மகள் குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்கப்பா."

நிறுத்தினேன்.

"அம்மாவுக்கு இவன் பொறந்ததே தெரியாது. இத யாரு சொன்னது?"

"அம்மா இருந்திருந்தா இதத்தானே சொல்லியிருப்பா."

"நான் அனுப்பினதுல அம்மா என்னா சொல்லியிருக்காங்க? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

நான் ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றிச் சுருட்டினேன். தயாராக இருந்த மீ கோரேங்கையும் கேசரியையும் தொடாமல் அவள் கிளம்பினாள். வாசலில் நின்று, "அத அழிச்சிருங்க. இனிமே அம்மா மெசேஜ போட்டா, எனக்கு உங்க மிஷின்தான் ஞாபகத்துக்கு வரும்" என்றாள்.

அழித்துவிட்டேன் என்று மறுநாள் செய்தி அனுப்பினேன். அது பொய். அழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். "பரவாயில்லைங்க, விடுங்க" என்று தட்டச்சு செய்து, அதை அவள் குரலில் கேட்டேன். சொன்னது. மறுபடி அழுத்தினேன், மறுபடி சொன்னது. எத்தனை முறை அழுத்தினாலும் மன்னிக்கும். அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே அழித்தேன்.

பிறகு மகள் அனுப்பியிருந்த பதிவுகளை முதலிலிருந்து கேட்டேன். மீன் விலை, மருமகனுக்கு ரசம் வைக்கும் முறை, என்னைப் பற்றிய கிண்டல். தணிந்த குரல் என்று நான் ஒதுக்கிய ஒன்றில் இப்படி இருந்தது: "வயிறு இன்னிக்கும் வலிக்குது. அப்பாட்ட சொன்னேன். காதுல மாட்டியிருந்தாரு, கேக்கல போல. நீ ஒண்ணும் சொல்லாத, என்னா."

அந்த நாள் எது என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைவு வரவில்லை. எல்லா நாளும் நான் அப்படித்தான் இருந்தேன்.

கேட்டுவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். "சரிப்பா" என்று எழுதினாள். இப்போதெல்லாம் அவள் எழுதத்தான் செய்கிறாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, பிறகு எழுத்தில் பதில் வரும். பேரனின் வீடியோக்களும் வருகின்றன. அவன் குப்புற விழுகிறான், தவழ்கிறான். போன வாரம் வந்ததில் வாயைத் திறந்து ஏதோ சொல்கிறான். என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. ஒலியை நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.